கிரவுன் ஆயில் மாற்ற ஒரு கை பம்ப்: ஜே.சி. ரோட்டில் வாங்கி, மூன்று வண்டிகளுக்குப் பயன்படுத்திய பிறகு

மகனின் பிக்கப் வண்டியில் பின்சக்கரங்களுக்கு நடுவே ஆக்சிலில் இருக்கிற கியர் கூட்டின் (கிரவுன் ஹவுசிங், டிஃபரன்ஷியல் என்பதெல்லாம் இதைத்தான்) ஆயிலை இனி வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்வது என்று முடிவு செய்து, அதற்காக ஒரு கை பம்ப் வாங்கினேன். விலை 1,350 ரூபாய். ஏழு மாதம் ஆகிறது. அவன் வண்டி, அவன் கூட்டாளியின் வண்டி, எங்கள் தெருவில் தண்ணீர் கேன் போடுகிறவரின் வண்டி என்று மூன்று வண்டிகளுக்குப் பயன்படுத்தியாகிவிட்டது. வாங்கலாமா என்று கேட்டால், தாராளமாக வாங்கலாம். ஆனால் கடையிலிருந்து வந்தபடியே வேலை செய்யாது. ஒரு இடத்தில் கை வைக்க வேண்டியிருந்தது. அதை விவரமாகச் சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஐ.டி.ஐ. முடித்து 1985-ல் பெங்களூரு வந்தவன். ஒரு பொதுத்துறை ஆலையில் ஃபிட்டராக 33 வருடம். லேத், மில்லிங் மெஷின்களின் கியர்பாக்ஸ்தான் எனக்கு அன்றாட வேலை. ஆயில் கெட்டால் கியர் என்ன ஆகும் என்பதைக் கையில் எடுத்துப் பார்த்தே பழகியவன். இப்போது சிங்கசந்திராவில் மகனோடு இருக்கிறேன். அவன் ஓசூரிலிருந்து மடிவாளா மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றுகிறான். விடியற்காலை இரண்டு மணிக்கு வண்டி கிளம்பிவிடும். எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே முக்கியமில்லை. பின்சக்கரம் இழுக்கிற, பின்னால் பிளேட் செட் (பட்டை ஸ்பிரிங்) வைத்த எந்த பிக்கப்புக்கும் நான் சொல்வது பொருந்தும்.

இந்த வேலையை நானே செய்ய வேண்டும் என்று தோன்றியதற்கு இரண்டு காரணங்கள்.

முதலாவது, 2022 செப்டம்பர் மழை. பெல்லந்தூர், அவுட்டர் ரிங் ரோடு, சர்ஜாப்பூர் ரோடு எல்லாம் தண்ணீரில் நின்றது இங்கே இருக்கிறவர்களுக்கு மறந்திருக்காது. மகன் அன்றைக்குச் சரக்கு இறக்கிவிட்டு அந்தப் பக்கமாகத் திரும்பினான். சக்கரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர். வண்டி நிற்காமல் வந்து சேர்ந்தது என்று சந்தோஷப்பட்டோம். மூன்றாவது வாரம், ஐம்பதில் போகும்போது பின்னால் ஊளையிடுகிற மாதிரி ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை விட்டால் அடங்கும், மிதித்தால் வரும். கிரவுன் ஹவுசிங்கின் நட்டைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது ஆயில் இல்லை. பால் கலந்த காபி. பினியன் பேரிங் போய்விட்டது. (இன்ஜின் பக்கமிருந்து வரும் தண்டின் முனையில் இருக்கிற சின்னக் கியர்தான் பினியன். அது சுழற்றுகிற பெரிய கியர் கிரவுன் வீல்.) கூலியோடு சேர்த்துப் பதினாலாயிரம் ரூபாய்.

தண்ணீர் எப்படிப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஓடி வந்த ஆக்சில் சூடாக இருக்கும். உள்ளே இருக்கிற காற்றும் சூடு. திடீரென்று குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் அந்தக் காற்று சுருங்கும். சுருங்கினால் வெளியிலிருந்து எதையாவது உறிஞ்சும். ஆக்சில் மேலே ப்ரீதர் என்று சின்ன மூடி ஒன்று இருக்கும், காற்று போய்வருவதற்கு. அது தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் அதன் வழியாகத் தண்ணீர் போகும். மண் அடைத்திருந்தால், தண்டுகளைச் சுற்றி ஆயில் கசியாமல் தடுக்கிற சீல் ஓரமாக உறிஞ்சும். வண்டி நடுவில் நிற்காமல் ஓடி வந்தது என்பதால் ஆக்சிலுக்குள் தண்ணீர் போகவில்லை என்று அர்த்தமே இல்லை. ஆழத் தண்ணீரில் இறங்கிய வண்டிக்குக் கிலோமீட்டர் கணக்குப் பார்க்காமல் மறுநாளே லெவல் நட்டை (ஆயில் ஊற்றுகிற பக்கத் துளையின் நட்டு) திறந்து பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது காரணத்தைச் சொல்ல மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. போன வருடம் ஒரு ஒர்க்ஷாப்பில் சர்வீஸுக்கு விட்டோம். பெயர் வேண்டாம். ஆலையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்த நட்டை இறுக்கினாலும், நட்டுக்கும் பாடிக்கும் சேர்த்து பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுவேன். நட்டு நகர்ந்தால் கோடு பிரிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் மகன் வண்டியின் கிரவுன் ஹவுசிங் நட்டுகளிலும் மஞ்சள் பெயிண்டில் கோடு போட்டு வைத்திருந்தேன். சர்வீஸ் முடிந்து பில் வந்தது. டிஃபரன்ஷியல் ஆயில் என்று தனி வரி, லிட்டர் கணக்கு, கூலி எல்லாம் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் டார்ச் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்ப் பார்த்தேன். இரண்டு கோடும் போட்டது போட்டபடியே இருந்தன. மேலே படிந்த மண்கூட உதிரவில்லை.

மகன் சொன்னான், "விடுங்கப்பா, போய்க் கேட்டா சண்டைதான் வரும். அவங்கிட்டதான் திரும்பப் போகணும்."

"திரும்பப் போக வேண்டாம்டா. இத நாமளே பண்ணலாம்" என்றேன்.

இன்ஜின் ஆயிலை எல்லோரும் கவனிக்கிறார்கள். டிப் ஸ்டிக்கை எடுத்துத் துடைத்துப் பார்க்கிறார்கள். பின் ஆக்சிலுக்கு டிப் ஸ்டிக் கிடையாது. லைட் எரியாது. அதனால்தான் மாற்றாமலேயே மாற்றினதாக பில் போட முடிகிறது.

சரி, பம்ப் எதற்கு? இன்ஜின் ஆயில் போல மேலே மூடியைத் திறந்து ஊற்ற முடியாது. கிரவுன் ஹவுசிங்கில் ஊற்றுகிற துளை பக்கவாட்டில், பாதி உயரத்தில் இருக்கும். அதற்கு மேலேயே வண்டியின் பாடி இருக்கும். ஆயில் கேனைக் கவிழ்க்க இடமே இல்லை. அந்த ஆயிலும் தேன் மாதிரி கெட்டி. கீழே வடிப்பதற்குப் பூமி உதவி செய்யும். மேலே ஏற்றுவதற்குத்தான் கருவி வேண்டும்.

இதற்கு முன் இரண்டு வழிகளை முயன்றேன். ஒன்று, பெரிய சிரிஞ்ச் மாதிரி இருக்கிற உறிஞ்சு கன். அரை லிட்டர் பிடிக்கும். விலை முந்நூற்றுச் சொச்சம். நாலு முறை நிரப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, நிரப்பி, மறுபடியும் உள்ளே நுழைய வேண்டும். வழியெல்லாம் சொட்டும். இன்னொன்று, புனலில் நீளமான டியூப் செருகி, மேலே வண்டியின் சரக்குத் தொட்டியில் ஒருவர் நின்று ஊற்றுவது. செலவு இல்லாத வழிதான். ஆனால் டிசம்பர் மாதக் காலையில் 85டபிள்யூ-140 ஆயிலை (90, 140 என்பவை ஆயிலின் கெட்டியைக் காட்டும் எண்கள்) அப்படி ஊற்றியபோது முக்கால் மணி நேரம் ஆனது. டியூப் நடுவில் மடிந்தது தெரியாமல் புனல் நிரம்பி வழிந்து பம்பர் எல்லாம் ஆயில். கோடைக் காலமாக இருந்து, ஆயிலை வெயிலில் வைத்துச் சூடேற்றிக்கொண்டால் அந்த வழியும் மோசமில்லை.

பம்ப் வாங்க, பெங்களூருவில் வண்டி உதிரிபாகக் கடைகள் நிறைந்த ஜே.சி. ரோடு போனேன். இப்போது எங்கள் பக்கம் மஞ்சள் லைன் மெட்ரோ வந்துவிட்டது பெரிய வசதி. சிங்கசந்திராவில் ஏறி, ஆர்.வி. ரோட்டில் பச்சை லைனுக்கு மாறி, கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கினால் அங்கிருந்து நடை தூரம்தான். முன்பெல்லாம் சில்க் போர்டு சிக்னலிலேயே ஒரு மணி நேரம் போகும்.

நான் வாங்கிய கடையைப் பற்றி நல்லதாகத்தான் சொல்ல வேண்டும். சின்னக் கடை. கல்லாவில் இருந்தவர் கன்னடத்தில் பேச்சைத் தொடங்கி, என் கன்னடத்தைக் கேட்டதும் தமிழுக்கு மாறிவிட்டார். ஆம்பூர்க்காரராம். மூன்று வகை பம்புகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். பிளாஸ்டிக்கில் ஒன்று, ஹேண்ட்வாஷ் பாட்டில் தலையில் இருக்கிற மாதிரி, கேன் வாயில் திருகிக்கொள்வது. "சார், இது 90 ஆயிலுக்குத் தாங்கும். 140 போட்டீங்கன்னா தண்டு வளைஞ்சிடும்" என்று அவரே சொன்னார். விற்கிறவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவது அபூர்வம். இரண்டாவது, ஒர்க்ஷாப்காரர்கள் வைத்திருக்கிற பெரிய பக்கெட் பம்ப். வீட்டுக்கு அவ்வளவு பெரியது தேவையில்லை. மூன்றாவதுதான் நான் எடுத்தது.

இரும்புக் குழாய், என் அளவுக்கு 45 சென்டிமீட்டர் நீளம். மேலே குறுக்குக் கைப்பிடி. கீழே ஸ்டீல் குண்டு வைத்த வால்வு. ஐந்து லிட்டர் டப்பா, அதன் மூடி நடுவில் பம்ப் நிற்கும். ஒன்றரை மீட்டர் ஒளி ஊடுருவுகிற ஹோஸ். ஹோஸ் முனையில் கொக்கி மாதிரி வளைந்த இரும்புக் குழாய். இந்தக் கொக்கிக்காகவே இதை வாங்கலாம். துளைக்குள் மாட்டிவிட்டால் தானாக நிற்கும், பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். கம்பெனிப் பெயர் எதுவும் பொறிக்கப்படவில்லை. கடைக்காரரிடம் ஒரு பழைய ஆயில் டின்னில் விட்டு அமுக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். யோசிக்காமல் எடுத்துக் கொடுத்தார். அங்கே நன்றாகவே இழுத்தது. கிளம்பும்போது, ஹவுசிங் நட்டுகளுக்கு அடியில் போடுகிற காப்பர் வாஷர் பத்து கேட்டேன். பழைய வாஷரை வைத்து அளவு பார்த்துக் கொடுத்தார். நீங்களும் போனால் பழைய வாஷரைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். எத்தனை நம்பர் என்று வாயால் சொல்லி வாங்கினால் பாதி நேரம் தப்பாகத்தான் வரும்.

வீட்டில் புது ஆயிலை ஊற்றி அமுக்கியதும்தான் குறை தெரிந்தது. பத்து அமுக்கு அமுக்கினால் ஹோஸில் ஆயில் முக்கால்வாசி ஏறுகிறது. கை எடுத்ததும் மெதுவாக இறங்கிவிடுகிறது. ஹோஸ் ஒளி ஊடுருவுகிறதாக இருந்ததால்தான் அது கண்ணில் பட்டது. கறுப்பு ரப்பர் ஹோஸாக இருந்தால் பம்பே சரியில்லை என்று திருப்பிக் கொடுக்கப் போயிருப்பேன். கீழ் வால்வைக் கழற்றினேன். பித்தளை இருக்கை, அதன் மேல் எட்டு மில்லிமீட்டர் ஸ்டீல் குண்டு, மேலே ஸ்பிரிங். இருக்கையின் ஓரத்தில் நகத்தால் தடவினால் பிசிறு தட்டியது. கடைசலில் விட்ட பிசிறை யாரும் எடுக்கவில்லை. கடையில் பழைய, அழுக்கான, இன்னும் கெட்டியான ஆயிலில் பார்த்ததால் அங்கே அது தெரியவில்லை.

இதற்கு வைத்தியம் எளிது. பிசிறை மெல்லிய எமரித் தாளால் எடுத்துவிட்டு, குண்டை அதன் இருக்கையிலேயே வைத்து, மேலே ஒரு பித்தளைக் கம்பியை நிறுத்தி, சின்னச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. பலமாக அடிக்கக் கூடாது. ஸ்டீல் குண்டு பித்தளையில் தன் வடிவத்துக்கே ஒரு வளையம் பதித்துக்கொள்ளும். எடுத்துப் பார்த்தால் இருக்கையில் முடி கனத்துக்கு ஒரு மினுமினுப்பான வட்டம் தெரிய வேண்டும், எங்கேயும் அறுபடாமல். ஆலையில் ஹைட்ராலிக் வால்வுகளுக்கு இதைத்தான் செய்வோம். மாட்டிய பிறகு ஹோஸில் ஏற்றிய ஆயில் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் இறங்காமல் அப்படியே நின்றது. இருபது நிமிட வேலை. ஆனால் 1,350 ரூபாய் கொடுத்து வாங்குகிறவருக்கு இந்த வேலை இருக்கக் கூடாது. பம்ப் செய்கிறவர்கள் அந்த ஒரு பிசிறை எடுத்துவிட்டு அனுப்பினால் நல்ல பொருள்.

இனி ஆயிலைப் பற்றி. இங்கேதான் அதிகம் பேர் தப்பு செய்கிறார்கள். டப்பாவில் 90 என்று இருக்கிறதா, 140 என்று இருக்கிறதா என்பது மட்டும் போதாது. ஜி.எல்-4, ஜி.எல்-5 என்று ஒரு எழுத்து இருக்கும், அதைப் படிக்க வேண்டும். பிக்கப்பின் கிரவுனும் பினியனும் ஹைபாய்ட் வகை. அதாவது பினியனின் அச்சு கிரவுன் வீலின் நடுக்கோட்டில் இருக்காது, கொஞ்சம் விலகி இருக்கும். அதனால் பல்லும் பல்லும் உருள்வது மட்டுமில்லை, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கித் தேய்ந்துகொண்டே போகும். அத்தனை பாரத்தில் அப்படித் தேயும்போது சாதாரண ஆயில் படலம் கிழிந்துவிடும். அதற்காகத்தான் ஜி.எல்-5 ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்தை அதிகமாகச் சேர்க்கிறார்கள். பல் சூடாகும் இடத்தில் அது இரும்போடு சேர்ந்து ஒரு மெல்லிய பூச்சாகிப் பல்லைக் காக்கும். கிரவுன் ஆயிலைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற அந்த நாற்றம் கந்தகத்தின் நாற்றம்தான். அது ஆயில் கெட்டுப்போன நாற்றம் என்று பயப்பட வேண்டாம்.

அதே ஜி.எல்-5 ஆயிலை, மிச்சம் இருக்கிறதே என்று கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள். கியர்பாக்ஸுக்குள் பித்தளையில் செய்த சிங்க்ரோ ரிங் (கியர் உரசாமல் விழ உதவுகிற வளையம்) இருக்கும் வண்டிகள் உண்டு. இந்தக் கந்தக மருந்து பித்தளையை அரிக்கக்கூடியது. கியர்பாக்ஸுக்கு வண்டியோடு வந்த புத்தகம் ஜி.எல்-4 என்று சொன்னால் ஜி.எல்-4 தான். அதனால் இந்தப் பம்பை கிரவுனுக்கு என்றே வைத்துக்கொண்டேன். டப்பாவில் பெயிண்டால் "கிரவுன்" என்று எழுதியும் வைத்திருக்கிறேன். டிஃபரன்ஷியல் லாக் உள்ள வண்டி என்றால் அதற்குத் தனி ஆயிலோ கூடுதல் மருந்தோ கேட்கலாம். புத்தகத்தைப் பார்க்காமல் ஊற்றக் கூடாது.

இன்னொரு சந்தேகத்தையும் பலர் கேட்கிறார்கள்: இன்ஜினுக்கு 40, இதற்கு 140-ஆ, மூன்றரை மடங்கு கெட்டியா என்று. அப்படி இல்லை. இன்ஜின் ஆயிலுக்கும் கியர் ஆயிலுக்கும் எண் போடுகிற அளவுகோலே வேறு. 90 கியர் ஆயில் ஏறக்குறைய 40, 50 இன்ஜின் ஆயிலின் கனத்துக்குத்தான் இருக்கும்.

ஆயிலை நான் ஜே.சி. ரோட்டில் வாங்கவில்லை. வீட்டுப் பக்கத்து பெட்ரோல் பங்கில் சீல் பிரியாத கேனாக வாங்கினேன். சில்லறையாக அளந்து ஊற்றுகிற ஆயிலை இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம். உள்ளே இருக்கிறது ஜி.எல்-5 தானா என்று கண்ணால் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இந்தப் பம்பை வைத்து முதல் தடவை செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மகன் ஓசூர் நடை முடித்து வந்ததும், சூடு ஆறுவதற்குள் தொடங்கினோம். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் அடியில் தங்கிய கசடோடு சேர்ந்து இறங்கும். ஆனால் கையைச் சுடுகிற சூடு இருக்கக் கூடாது, சைலன்சர் பக்கம் கவனம் வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, முன்சக்கரம் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். ஜாக்கி போடவில்லை. பிக்கப்புக்கு அடியில் ஆள் நுழைய இடம் இருக்கிறது. ஒரு பக்கம் தூக்கினால் லெவலும் தப்பாகிவிடும்.

மகன் டிரெய்ன் நட்டில் ஸ்பேனரை வைத்தான். நிறுத்தினேன்.

"முதல்ல மேல இருக்கிறதக் கழட்டு."

"வடிக்கிறதுக்குக் கீழதானப்பா கழட்டணும்?"

"மேல உள்ளது கழலலன்னா என்ன பண்ணுவ? உள்ள இருந்த ஆயிலும் போச்சு, புதுசு ஊத்தவும் வழியில்ல. நாளைக்கு லோடு எடுக்க முடியாது."

அவனுக்குச் சொன்னதையே எல்லோருக்கும் சொல்கிறேன். ஊற்றுகிற துளையின் நட்டு கழன்ற பிறகுதான் வடிக்கிற நட்டைத் தொட வேண்டும். எங்களுக்கு மேல் நட்டு லேசில் அசையவில்லை. முதல் நாள் இரவே துரு எண்ணெய் அடித்து வைத்திருந்தேன். கைப்பிடியில் ஒரு முழ நீளத்துக்கு ஜி.ஐ. பைப் போட்டு, வெட்டி இழுக்காமல் ஒரே சீராக அழுத்தினான். டக்கென்று ஒரு சத்தம், பெயிண்ட் கோடு பிரிந்தது. பில்லில் மாற்றியதாக இருந்த அந்த ஆயிலைப் பார்க்க எனக்கு அப்போதுதான் வாய்த்தது. தார் மாதிரி கறுப்பு.

கீழ் நட்டைக் கழற்றியதும் ஆயில் கயிறு மாதிரி அறுபடாமல் இறங்கியது. கால் மணி நேரம் விட்டோம். நட்டின் உள்முனையில் காந்தம் இருந்தது. அதன்மேல் சாம்பல் நிறத்தில் ஒரு குவியல். இதை உடனே துடைத்துப் போட்டுவிடாதீர்கள். ஆக்சிலுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கழற்றாமல் தெரிந்துகொள்ள இருக்கிற ஒரே சாட்சி இதுதான். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். நெய்யில் குழைத்த கண்மை மாதிரி வழுவழுப்பாக இருந்தது, எதுவும் குத்தவில்லை. அது பல்லும் பல்லும் சகஜமாகத் தேய்ந்த தூள், பயமில்லை. விரலில் மணல் மாதிரி நெருடினால் யோசிக்க வேண்டும். ஊசி மாதிரியோ, செதில் மாதிரியோ வந்தால் பேரிங் உரிகிறது. துண்டாகவே வந்தால் வண்டியை ஓட்டாமல் ஹவுசிங்கைப் பிரிக்க வேண்டியதுதான். துணியில் தடவி வெயிலில் காட்டியபோது ஒரே மாதிரிச் சாம்பல் நிறம், நடுநடுவே மினுக்கும் துகள் எதுவும் இல்லை. 2022-ல் மாற்றிய பேரிங் நன்றாக இருக்கிறது என்று அப்போதுதான் மனசு நிம்மதியானது.

வடிகிற நேரத்தில் ப்ரீதரைப் பார்த்தேன். மூடி அசையவே இல்லை, சேறு காய்ந்து சிமெண்ட் மாதிரி ஆகியிருந்தது. இப்படி அடைத்துக்கொண்டால் ஓடும்போது சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறும். அது பினியன் சீலையோ, சக்கரத்துப் பக்கத்து ஆக்சில் சீலையோ தள்ளிக்கொண்டு ஆயிலை வெளியே விடும். ஆக்சில் சீல் வழியாக வந்தால் பிரேக் டிரம்முக்குள் போய் லைனர் நனைந்துவிடும். சீல் கசிகிறது என்று புது சீல் போட்டும் மறுபடி கசிந்தால் முதலில் இந்த மூடியைப் பாருங்கள். கழற்றி, டீசலில் ஊறவைத்து, ஊதிப் பார்த்து மாட்டினேன்.

வடிந்ததை அளந்தேன்: 1 லிட்டர் 700 மில்லி. கீழ் நட்டைப் புது காப்பர் வாஷரோடு பூட்டினோம். கொக்கியைத் துளையில் மாட்டினேன். மகன் வெளியே உட்கார்ந்து அமுக்கினான், நான் அடியில் டார்ச்சோடு படுத்திருந்தேன். ஹோஸில் ஆயில் பொன் நிறத்தில் ஏறி வளைவைத் தாண்டி உள்ளே இறங்குவதைப் பார்க்கவே நன்றாக இருந்தது.

"எத்தனை ஆச்சு?"

"முப்பத்தொண்ணு."

"மெதுவா. இன்னும் அஞ்சு."

முப்பத்தாறாவது அமுக்கில் துளையின் கீழ் விளிம்பில் ஆயில் வந்து நின்றது. அடுத்ததில் ஒரு கோடாக வழிந்தது. அதுதான் சரியான லெவல். வழிவது சொட்டாகக் குறையும்வரை பொறுத்து, நட்டைப் பூட்டினேன். அமுக்குக்கு ஏறக்குறைய 50 மில்லி என்று கணக்கு வந்தது. மாசி மாதத்தில் தண்ணீர் கேன்காரரின் வண்டிக்குக் காலை ஆறு மணிக்கு 140 ஆயில் ஏற்றியபோது அமுக்குக்கு 40 கூட வரவில்லை, கையும் வலித்தது. டப்பாவை வெந்நீர் பக்கெட்டில் அரைமணி வைத்த பிறகு சரியாகிவிட்டது. இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று வண்டியைச் சாய்த்து அதிகமாக ஏற்றுகிறவர்களும் உண்டு. செய்யக் கூடாது. அதிகமானால் கிரவுன் வீல் அதைக் கடைந்து நுரையாக்கும், சூடு ஏறும், ப்ரீதர் வழியாகவும் சீல் வழியாகவும் வெளியே தள்ளும்.

பூட்டி முடிக்க மொத்தம் ஒன்றேகால் மணி நேரம். ஆயில் ஏற்றியது மட்டும் எட்டு நிமிடம்.

குறை இன்னும் இரண்டு. ஹோஸைப் பம்போடு சேர்க்கிற இடத்தில் கம்பிக் கிளிப் கொடுத்திருக்கிறார்கள். இரண்டாவது வண்டிக்குப் பாதியில் நழுவிவிட்டது, முற்றம் முழுக்க ஆயில். திருகுகிற கிளிப் இருபது ரூபாய்க்குக் கிடைக்கும், வாங்கிய அன்றே மாற்றிவிடுங்கள். அப்புறம் டப்பாவின் அடி. குழாய் அடிவரை எட்டாததால் கடைசி 200 மில்லி ஆயில் ஏறவே ஏறாது. டப்பாவுக்குக் கீழே ஒரு பக்கம் செங்கல் துண்டு வைத்துச் சாய்த்தால் பாதியாவது வரும்.

பழைய ஆயிலை என்ன செய்வது என்று கேட்கிறார்கள். மோரியில் ஊற்றாதீர்கள். எங்கள் பக்கத்து ராஜகாலுவேக்களில் (பெரிய மழைநீர்க் கால்வாய்கள்) போவதெல்லாம் ஏதாவது ஒரு ஏரிக்குத்தான் போகிறது. பெல்லந்தூர் ஏரி நுரைத்ததையும் தீப்பிடித்ததையும் இதே ஊரில் இருந்து பார்த்திருக்கிறோம். கழிவு ஆயில் 2016-ம் வருட விதிகளின்படி அபாயக் கழிவு. அதை எடுத்துச் சுத்திகரிக்க அனுமதி பெற்றவர்கள் இருக்கிறார்கள். நான் மூடி போட்ட கேனில் சேர்த்து வைத்து, அவர்களுக்கு ஆயில் கொடுக்கிற ஒரு கேரேஜின் டிரம்மில் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வருகிறேன். அங்கே காசு கேட்பதில்லை.

பம்பை டீசல் விட்டுக் கழுவ வேண்டாம். உள்ளே தங்கிய டீசல் அடுத்த முறை புது ஆயிலோடு போய்விடும். மிச்ச ஆயிலை வடித்துவிட்டு, கொக்கி முனையையும் டப்பா வாயையும் பாலிதீன் கவரால் கட்டி, படிக்கட்டுக்கு அடியில் ஆணியில் தொங்கவிட்டிருக்கிறேன். தூசி போனால் அந்தக் குண்டு வால்வு மறுபடியும் பிடிக்காது.

ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் அடியில் போய்ப் பார்த்தேன். இரண்டு நட்டும் காய்ந்தே இருந்தன. இந்த முறை வெள்ளை பெயிண்டில் கோடு போட்டு, ஹவுசிங்மேல் தேதியும் கிலோமீட்டரும் எழுதி வைத்திருக்கிறேன். காப்பர் வாஷர் இன்னும் நாலு கையில் இருக்கிறது.